வலி நின்றது, கல் கரையவில்லை

என்னை இன்னும் உங்கள் நடுவில் மூச்சோடு நிற்க வைத்திருக்கிற கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

போன வருஷம் தாளடி நடவு முடிந்த கையோடு இதே சபையில் நின்று ஒரு சாட்சி சொன்னேன். என் கிட்னியில் இருந்த கல்லைக் கர்த்தர் கரைத்துவிட்டார் என்றேன். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தச் சாட்சியைத் திருத்தத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

நான் நடவு வேலைக்குப் போகிறவள். சேற்றில் இறங்கினால் பொழுது சாயும்வரை தண்ணீர் குடிக்க மாட்டேன். குடித்தால் ஒதுங்க வேண்டும். சுற்றிலும் வெட்டவெளி, வரப்பெல்லாம் ஆம்பிளைகள், எங்கே ஒதுங்குவது? பொம்பளைகள் எல்லோருமே அப்படித்தான். நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும், எச்சிலை விழுங்கிக்கொண்டு நடுவோம்.

அப்படியே இருந்து இடது விலாவில் வலி வந்தது. பிரசவ வலியெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ஸ்கேன் பார்த்துவிட்டு, கல் இருக்கிறது, சீக்கிரம் எடுக்க வேண்டும் என்றார்கள். நான் வாழைத்தண்டுச் சாறு குடித்துக்கொண்டு, ஜெபம் பண்ணிக்கொண்டு வீட்டிலேயே கிடந்தேன். ஒரு நாள் வலி நின்றது. அதைத்தான் அற்புதம் என்று உங்களிடம் சொன்னேன்.

இந்தக் குறுவையில் வலது பக்கம் பிடித்தது. ஒன்றுக்குப் போவதும் நின்றுவிட்டது. முகம் ஊதிவிட்டது, மூச்சு வாங்கியது. என் வீட்டுக்காரர் என்னை அள்ளிப் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இடது கிட்னி சுருங்கிப் போச்சும்மா. பழைய கல்லு அங்கேயேதான் அடைச்சுக்கிட்டு இருக்கு. கிட்னி செத்துப்போனதாலதான் வலி நின்னுருக்கு. மிச்சம் இருக்கிற ஒண்ணையும் இப்ப இன்னொரு கல்லு அடைச்சிருக்கு" என்றார்.

என் கிட்னி செத்ததற்கு நான் சபையில் நின்று ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன். இதை எங்கே போய்ச் சொல்ல?

ட்யூப் வைக்க உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நீளமாக ஜெபிக்க வாய் வரவில்லை. "ஆண்டவரே, போனதைக் கேக்கல. இந்த ஒண்ணை மட்டும் விட்டுவையும்" என்றேன். கண் விழித்தபோது கட்டிலோரம் தொங்கிய பையில் ரத்தமும் சிறுநீருமாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கேட்டதைக் கர்த்தர் கொடுத்தார், டாக்டரம்மா கையால் கொடுத்தார். போனது போனதுதான்.

பிறகு அந்த வலது பக்கத்துக் கல்லையும் எடுத்தார்கள். இப்போது வயலுக்குக் குடம் நிறையத் தண்ணீர் போகிறது. வரப்போரம் நாலு கம்பு நட்டு, பழைய சேலையைக் கட்டி மறைப்பு வைத்திருக்கிறோம். இதை முன்னாலேயே செய்ய யாரும் எங்களைத் தடுக்கவில்லை.

எஸ்தர் அக்கா, கடைசி வரிசையில உக்காந்திருக்கீங்க. என்கூட ஒரே வயல்ல நட்டவங்க. என் பழைய சாட்சியைக் கேட்டுத்தான் நீங்களும் உங்க கல்லுக்கு வைத்தியம் வேண்டாம்னு இருந்தீங்க. போன வாரம், "வலி நின்னுடுச்சுடி, ஸ்தோத்திரம்"னு சிரிச்சீங்க. எனக்கும் அப்படித்தான்கா நின்னுச்சு.

கர்த்தரை நம்புங்க அக்கா. நம்பிட்டு, நாளைக்கு முதல் பஸ்ஸுக்குக் கிளம்புங்க. நான் கூட வரேன்.