யோத்தாம் அண்ணன் வண்டியை நிறுத்தினார்

எங்கள் சுற்றுலாக் கம்பெனி அச்சடித்துக் கொடுக்கும் வழுவழுப்பான புத்தகத்தில் பதினொன்றாம் பக்கத்தில் யோத்தாம் அண்ணனின் படம் இருந்தது. கீழே ஒரு வரி: “எப்போதும் சிரித்த முகத்துடன் உங்கள் ஓட்டுநர்.” பெயர் கிடையாது. பத்தொன்பது வருஷம் அந்த மஞ்சள் லாரியை ஓட்டிய மனிதரின் பெயரைப் போட இடமில்லாமல் போய்விட்டது. அதே பக்கத்தில் இருந்த ஒரு நீர்யானைக்குப் பெயர் போட்டிருந்தார்கள்.

அவர் சிரித்த முகக்காரரும் அல்ல. அந்தப் படத்தைக் காட்டி ஒருமுறை கேட்டேன்.

“வெயில் கண்ணுல அடிச்சுது தம்பி. மூஞ்சியச் சுளிச்சேன். அதைச் சிரிப்புன்னு நெனச்சுட்டானுங்க.”

யோத்தாம் ஞோவு, கிழக்கு ஸாம்பியாவில் நியிம்பாவுக்குக் கிழக்கே, லூசாக்கா போகும் பெருஞ்சாலையை ஒட்டிய ஊர்க்காரர். தகப்பனார் பருத்தி போட்டவர். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. பருத்தி லாரி ஓட்டினார், பிறகு சிமெண்டு லாரி, பிறகு இது. மலாவி ஏரியில் தொடங்கி, ஸாம்பியாவைக் குறுக்காகக் கடந்து, அருவியைக் காட்டி, போட்ஸ்வானா வழியாக நமீபியாவின் கடற்கரையில் கொண்டுபோய் இறக்கிவிட இருபத்தொரு நாள். லாரியின் பின்னால் ஜன்னல் வைத்துக் கட்டிய இருக்கைகளில் இருபத்திரண்டு வெள்ளைக்காரர்கள், பக்கவாட்டுப் பெட்டிகளில் கூடாரமும் அடுப்பும் பாத்திரமும். பயணக் கூட்டத்துக்கு வழிகாட்டி நான். கதேத்தே பக்கத்தில் ஒரு ஊரில் பிறந்து, எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டம் வாங்கியவன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. யோத்தாம் அண்ணனும் கோபம் வந்தால் என்னை மசாவுசோ என்று பெயர் சொல்லாமல் “டிகிரி” என்றுதான் கூப்பிடுவார்.

அவருடைய சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். சோளக் களியும் கருவாடும் இல்லாமல் அவருக்கு ஒரு வேளை இறங்காது. கருவாட்டு நாற்றம் விருந்தாளிகளுக்கு ஆகவில்லை என்று ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. அன்றிலிருந்து அவர் லாரிக்குப் பின்னால் ஐம்பது அடி தள்ளி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, மூன்று கல் வைத்துச் சமைத்தார். தன் மண்ணிலேயே காற்றைக் கேட்டுச் சாப்பிட்டார். விருந்தாளிகள் எல்லாரும் முடித்து, பாத்திரமும் கழுவியான பிறகுதான் ஆறின களியை அவர் உருட்டுவார்.

எல்லாவற்றையும்விட அவரை அரித்தது வேறு ஒன்று. எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்கு முன்னால், ரோட்டின் இரு புறமும் பச்சை இலைக் கிளைகளை ஒடித்துப் போட்டு வைப்பார்கள். அதைப் பார்த்தால் வண்டிக்காரர்கள் பாட்டை நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, மெதுவாகக் கடப்பார்கள். அது வழிப்போக்கனுக்கான மரியாதை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய தாய்மாமன் செத்தபோது கிளை அவர் ஊர் வாசலிலேயே கிடந்தது. வண்டியில் ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்கள். அட்டவணையில் இல்லாத இடத்தில் பத்து நிமிஷம் நின்றால் ஜோகன்னஸ்பர்க் ஆபீசில் தெரிந்துவிடும். அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? வழிப்போக்கன் மாதிரியே வேகத்தைக் குறைத்து, விளக்கைப் போட்டு, மெதுவாகக் கடந்து போய்விட்டார். பத்தொன்பது வருஷப் பழக்கம் கைகாலில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வராமலே இருந்திருந்தால் ஊர் மன்னித்திருக்கும். சொந்த வீட்டுச் சாவை அந்நியன் மாதிரி மரியாதை செய்து கடந்தவனை எப்படி மன்னிக்கும்? பஞ்சாயத்து கூடியது. ஒரு ஆடும் நான்கு கோழியும் தண்டம். அதைக் கொடுத்துவிட்டார். ஆனால் “கிளை தாண்டினவன்” என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

போன ஜூலையில் நாங்கள் மலாவி எல்லையை ஒட்டிய சிப்பாட்டாவில் கூடாரம் போட்டிருந்தோம். சாயங்காலம் அவருக்கு போன் வந்தது. தங்கை ஸெலிப்பா, மிஷன் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். மறுநாள் நண்பகலில் அடக்கம். மூன்று பிள்ளைகள், பெரியவளுக்குப் பதினான்கு வயது.

எங்களுக்குப் பிள்ளைகள் தாய் வழி. தாய்மாமன்தான் அவர்களுக்கு எல்லாம். அந்தக் கிழ மாமன் போன பிறகு அந்த இடம் யோத்தாம் அண்ணனுடையது. பெட்டி வீட்டைவிட்டு வெளியேறும் முன், பிள்ளைகள் யார் வீட்டில் வளர்வார்கள் என்று மாமன் எழுந்து சொல்ல வேண்டும். மாமன் வாய் திறக்கவில்லை என்றால் புருஷன் வீட்டார் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போகலாம், கேட்க ஆளில்லை. ஸெலிப்பாவின் புருஷன் இரண்டாம் பெண்டாட்டியோடு சுரங்க ஊரில் இருப்பவன். பெரியவளைக் கொண்டுபோய் அங்கே என்ன வேலைக்கு விடுவான் என்று ஊருக்கே தெரியும்.

அண்ணன் என்னிடம் வந்து இதைத்தான் சொன்னார்: “நாளைக்கு வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்துவேன்.”

நான்தான், படித்தவன்தான், சொன்னேன்: “ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுருவோம்ணே. முறைப்படி போவோம்.”

அவர் பக்கத்தில் நிற்க, போனைச் சத்தமாக வைத்தே பேசினேன். ஆபீசில் எடுத்தது அட்டவணை பார்க்கும் லூயிஸ் அம்மாள்.

“மசாவுசோ, கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா இந்த ட்ரிப் ஏற்கெனவே அரை நாள் லேட்டு.”

“வீட்டு வாசல் வழியாத்தான் மேடம் போறோம். ரெண்டு மணி நேரம் போதும்.”

“இறந்தது அவரோட அம்மாவா, மனைவியா?”

“கூடப் பிறந்த தங்கச்சி.”

“தங்கச்சி விதியில வராதே. பெத்தவங்க, மனைவி, பிள்ளைங்க, அவ்வளவுதான்.” பிறகு குரலில் ஒரு வெளிச்சம் வந்தது. “இரு, அடுத்த வாரம் விருந்தாளிங்கள ஒரு கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போறோம்ல, அதை நாளைக்கு மாத்திடலாமா? சாவு வீட்ல பாட்டு, மேளம் எல்லாம் இருக்கும்தானே? இவங்க போட்டோ எடுத்தா வீட்டுக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?”

எனக்குக் காதில் கொதிநீர் ஊற்றியது போலிருந்தது. அண்ணன் தன் தட்டை எடுத்தார், கழுவினார், கவிழ்த்து வைத்தார்.

“வேணாம்னு சொல்லிடு. நிறுத்தலன்னு சொல்லு.”

சொன்னேன். லூயிஸ் அம்மாள் நன்றி சொன்னார்.

மறுநாள் விடியலில் கிளம்பினோம். பத்தரை மணிக்கு ரோட்டோரம் மாவிலைக் கிளைகள் தெரிந்தன. வேகம் குறைந்தது. குறைந்துகொண்டே வந்து, நின்றது. எஞ்சினை அணைத்தார். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். கதவைச் சாத்தக்கூட இல்லை.

முன் இருக்கையில் இருந்த விருந்தாளி டெரிக் தலையை நீட்டினான். “பஞ்சரா?”

“இல்ல. ஓட்டுநர் வீட்ல சாவு.”

“ஓ. ரொம்ப வருத்தம். எவ்வளவு நேரம் ஆகும்?”

“தெரியாது.”

“லூசாக்கா கேம்ப்புல நீச்சல் குளம் ஆறு மணிக்கு மூடிருவாங்களே.”

அவனை நான் அடிக்கவில்லை. அதற்காக யாராவது எனக்கு ஒரு சான்றிதழ் கொடுக்கலாம். மற்றவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள். ஆனால் நல்லவர்களும் கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள்.

“யாரு போட்டோ எடுத்தாலும் அவங்க மூட்டைய இங்கயே இறக்கிடுவேன்,” என்றேன். “இது உங்க அட்டவணையில இல்ல.”

எங்களோடு வந்த சமையல்கார அம்மாவைக் காவலுக்கு வைத்துவிட்டு ஓடினேன்.

வாசலில் ஆண்கள் மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களின் அழுகை வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அண்ணன் வந்ததைப் பார்த்து யாரும் எழவில்லை, முக்காலி நகர்த்தவில்லை. அவர் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

ஸெலிப்பா புருஷனின் அண்ணன் சிமியோன், எல்லார் காதுபடப் பக்கத்தாளிடம் சொன்னான்: “வழிப்போக்கர் யாரோ வந்திருக்காரு. தண்ணி குடுங்க, குடிச்சிட்டுப் போகட்டும்.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அண்ணன் தலை நிமிரவில்லை.

அப்போதுதான் சோலா எழுந்தார். ஊரில் கடை வைத்திருக்கும், வடக்கேயிருந்து வந்த பெம்பா இனத்துக்காரர். பெம்பாக்காரர்களும் எங்கள் கிழக்கத்திக்காரர்களும் கேலி முறை. சாவு வீட்டில் அவர்கள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், பிணத்தைக்கூட வம்புக்கு இழுக்கலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. சோலா ஒரு பெண்ணின் சுற்றுத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, ரோட்டில் நின்ற மஞ்சள் லாரியைக் கையால் காட்டினார்.

“அடேயப்பா, எலி தின்கிற கிழக்கத்திக்காரன் சாவுக்கு ஒரு லாரி நிறைய வெள்ளைக்காரனா? யோத்தாம், நேராச் சொல்லு. பொணத்தப் பாக்க ஆளுக்கு எவ்வளவு டிக்கெட்டு? மேளத்துக்குத் தனியா?”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. சோலாவுக்கு எதுவும் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னார். அது லூயிஸ் அம்மாள் சொன்னதாகவே இருந்தது.

அண்ணன் எழுந்தார். கேலிக்குக் கோபப்படக் கூடாது என்ற முறையை மீறப் போகிறார் என்று நினைத்தேன்.

“கேட்டாங்க சோலா,” என்றார். “நெசமாவே கேட்டாங்க. கூட்டிட்டு வரட்டுமா, போட்டோ எடுக்கட்டுமான்னு கேட்டாங்க. அதுக்கு ஒத்துக்கிட்டா நிறுத்தலாம்னாங்க. மாட்டேன்னேன். நிறுத்தலன்னும் சொன்னேன். நிறுத்திட்டேன்.”

சாவியை எடுத்து ஊர்த்தலைவரின் பாயில் எறிந்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. சோலா இடுப்பிலிருந்த துணியை அவிழ்த்து மடித்தார்.

“இனிமே அந்த வண்டி என்னோடது இல்ல. ஒரு தடவ தாண்டினேன், தண்டம் கட்டினேன். இப்ப இங்க உக்காந்திருக்கேன். எந்திரிச்சுப் போன்னு சொல்ற ஆம்பள யாரு, சொல்லட்டும்.”

ஊர்த்தலைவர் சாவியைத் தொடாமல், தன் பக்கத்திலிருந்த முக்காலியைக் காலால் தள்ளினார்.

“உக்காரு. உக்காந்து பேசு.”

“நின்னே பேசறேன். ஸெலிப்பாவோட மூணு பிள்ளைங்களும் என் வீட்ல வளரும். சிமியோன், உன் தம்பி வந்து பாக்கணும்னா பகல்ல வரட்டும், பாக்கட்டும். பெரியவள கூட்டிட்டுப் போறேன்னு எவனாவது வந்தா, முதல்ல என்னக் குழியில இறக்கிட்டுத்தான் கூட்டிட்டுப் போகணும்.”

சிமியோன் ஏதோ முனகினான்.

“என்ன?” என்றார் ஊர்த்தலைவர்.

“ஒண்ணுமில்ல. மாமன் பேசியாச்சு.”

பெட்டி வெளியே வந்தது. அண்ணன் முன்னால் தோள் கொடுத்தார். இடுகாட்டுக்குப் போய், மண் போட்டு, திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. ஊர்த்தலைவர் சாவியை அவர் கையில் திரும்பக் கொடுத்தார். “வண்டியில இருக்கறது யார் பெத்த பிள்ளைங்களோ, வெயில்ல காயப்போடாத. கொண்டுபோய் விட்டுட்டு வா. துக்கம் கேக்க வர்றவங்களுக்கு நீ இருக்கணும்.”

அதற்குள் என் போனில் ஆபீசிலிருந்து பதினான்கு அழைப்புகள்.

லூசாக்கா கேம்ப்புக்குள் ஆறேகாலுக்கு நுழைந்தோம். நீச்சல் குளம் மூடியிருந்தது. வாசலில் புது ஓட்டுநர் ஒருவர் பையோடு காத்திருந்தார். பத்தொன்பது வருஷத்தை முடிக்க அவர்களுக்கு ஒரு பகல் போதுமானதாக இருந்தது. அண்ணன் அவரிடம், “மூணாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இறக்கத்துல இடப்பக்கம் இழுக்கும், பாத்துக்க,” என்றார். அந்த மனிதர் நிமிர்ந்து பார்க்கவில்லை. விருந்தாளிகளில் இரண்டு பேர் வந்து கை கொடுத்தார்கள். டெரிக் கருத்துப் படிவத்தில் ஓட்டுநருக்கு ஒரு நட்சத்திரம் போட்டான். கழிப்பறை இல்லாமல் இரண்டரை மணி நேரம் நிறுத்தப்பட்டோம் என்று எழுதினான். பக்கத்தில் ஒரு காடே இருந்தது.

பஸ் நிலையத்துக்கு நான் கூடப் போனேன். கிழக்கே போகும் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஆபீசுக்கு எதிராக எழுதுகிறேன், தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவோம், எனக்குச் சட்டம் தெரியும் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினார்.

“டிகிரி, ஒண்ணு கேக்கறேன். டயர் வெடிச்சிருச்சுன்னு சொல்லிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

மூட்டையோடு ஏற வந்த ஒருவருக்கு ஒதுங்கி வழி விட்டார்.

“ஒரு பய கேட்டிருக்க மாட்டான். மாசத்துக்கு ரெண்டு தடவ டயர் வெடிக்குது. ரெண்டரை மணி நேரம், எழுதிட்டுப் போயிருப்பானுங்க. நீ கேட்ட. கேட்டதால அவளுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சதால வேல போச்சு.”

“தப்புதான்ணே.”

“வேல போனது கெடக்கட்டும். பருத்தி லாரி இல்லாமலா போயிருச்சு. என் தங்கச்சி செத்துக் கெடக்கா, அவ பேர எடுத்து அந்தப் பொம்பளகிட்ட கொண்டுபோய் வெச்ச பாரு. விதியில வருமா வராதான்னு அவ பாத்துச் சொன்னா. என்னையும் நிக்க வெச்சுக் கேக்க வெச்ச.” குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்குத் தேவலை. “தாய்மாமன் அவன் வீட்டுச் சாவுக்குப் போக எவகிட்டடா அனுமதி கேக்கணும்?”

நடத்துனர் விசில் அடித்தார். அண்ணன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் நகரும்போது, நான் இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்து, கண்ணாடியைத் தள்ளினார்.

“மூணு பிள்ளைங்களுக்கும் பள்ளிக்கூடம் மாத்தணும். காகிதம் எழுதற வேல இருக்கும். வந்து எழுதிக் குடு,” என்றார். “போன் மட்டும் எவனுக்கும் பண்ணாத.”