கடல் மேல் போட்ட பழி

அலை உடையும் இடத்துக்கு அருகே, கடல் தெளிப்பைப் பிடிக்க மூங்கில் கம்பில் மாட்டிய வடிதாளைக் காற்றுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தபடி யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார் வேம்பு. பூம்புகாருக்குத் தெற்கே இந்தக் கரையில் வலை உலர்த்துபவர்களுக்கு அந்தத் திட்டு பழகிவிட்டது. புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகியிருக்கிறார். இடையிடையே உதட்டை நக்கிப் பார்க்கிறார். "வெறும் உப்புன்னு நெனச்சிடாதீங்க. கடலோட உசுரும் இதுல இருக்கு" என்கிறார் என்னிடம்.

அரசுக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். அலை உடையும்போது நீருக்குள் மாட்டிக்கொண்ட காற்று குமிழியாக மேலே வருகிறது. வரும் வழியில் செத்த பாசியின் பிசுக்கு, நுண்ணுயிர்கள் விட்ட கசிவு எல்லாவற்றையும் மேலே பூசிக்கொள்கிறது. குமிழி வெடித்ததும், கண்ணுக்குத் தெரியாத துளிகள் அந்தக் கரிமப் பொருளைச் சுமந்துகொண்டு காற்றில் ஏறிவிடுகின்றன. சில துளிகள் மேகத்துக்கே வித்தாகின்றன. இதைச் சொல்லும்போது மட்டும் வேம்புவின் குரல் தணிகிறது.

இறால் கம்பெனி என்று யாராவது வாயெடுத்தால் போதும், மறுபடி ஏறிவிடும்.

அவருடைய அப்பா கண்ணுசாமி பண்ணையாளாக இருந்தவர். நில உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகும் நிலம் தானாக வரவில்லை. கொடி நட்டு, அடிபட்டு, சிறைக்குப் போய்ப் பெற்ற வயல் அது. "சட்டம் போட்டவங்க மேடையில பேசிட்டுப் போயிட்டாங்க. அரிவாளோட வந்தவனுங்க முன்னாடி நின்னது எங்கப்பா." வயலுக்குக் கிழக்கே இருந்த நிலத்தைப் பழைய மிராசுதாரின் வாரிசுகள் மெட்ராஸிலிருந்தபடியே கம்பெனிக்கு விற்றார்கள். நெல் விளைந்த மண்ணைக் குளமாக வெட்டிக் கடல்நீரை ஏற்றினார்கள். இறால் மூச்சுவிட, நீரைச் சிலுப்பும் சக்கரங்கள் ஓயாமல் சுழன்றன. தீனியும் கழிவும் கலந்த நுரை காற்றில் பறந்து கண்ணுசாமியின் சம்பாப் பயிரில் படிந்தது. கதிர் வெளியே வருமுன் தாள் கருகியது.

புகாரின் பேரில் நடந்த கோட்டாட்சியர் விசாரணையில் கம்பெனி வக்கீல், வேம்பு எழுதிய கட்டுரையையே எடுத்து வாசித்தார்.

"கடல் தெளிப்புல கரிமப் பொருள் கரைக்கு வருதுன்னு எழுதினது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்ப பயிர்ல படிஞ்சது கடல் செஞ்ச வேலை. கம்பெனி என்ன பண்ணும்?"

வேம்பு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாராம். "கடல்லேர்ந்து அதே தூரத்துலதான் தெக்கால வயலு இருக்கு. அது பச்சையா நிக்குது. ஒங்க கொளத்துக்கு நேர் பின்னால இருக்குறது மட்டும் கருகுது. கடலுக்கு எங்கப்பா மேல மட்டும் என்னங்க கோவம்?"

நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் கோட்டாட்சியர் எழுந்துவிட்டார். அவர் வந்து பார்த்துப் போயும் முடிவு இன்னும் வரவில்லை; சக்கரங்கள் சுழல்கின்றன. கண்ணுசாமி கருகிய தாளை மாட்டுக்குப் போட்டார். மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. "பட்டா கையில இருந்து என்ன பண்றது? நாக்குல வக்கறதுக்கு ஒரு நெல்லு மணி வரலியே" என்று புலம்பியபடி வரப்பில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது வேம்பு கடலைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார்.

அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று சக்கரங்களை நிறுத்தியிருந்தார்கள்; குளங்கள் அசைவற்றுக் கிடந்தன. ஒரு துளி நுரை இல்லை. "பாத்தீங்களா சார், தெளிஞ்ச தண்ணி" என்று வக்கீல் கை நீட்டிக் காட்டினார். கோட்டாட்சியரும் தலையாட்டினார். வேம்பு குளக்கரை மோட்டார் கொட்டகையை நோக்கி நடந்தார்.

காவலாளி நல்லக்கண்ணு குறுக்கே வந்தார். "அம்மா, வேணாம்மா. எம் பொழப்பு போயிரும்."

"நான் தள்ளிட்டு உள்ள பூந்தேன்னு சொல்லுங்கண்ணே."

சொன்னபடியே அவரைத் தள்ளிவிட்டு மெயின் சுவிட்சை ஏற்றினார். அத்தனை சக்கரங்களும் ஒன்றாக இரைந்தன. பழுப்பு நுரை எழும்பிக் காற்றோடு சாய்ந்து, மேற்குக் கரையில் நின்றிருந்தவர்கள் மேல் விழுந்தது. வக்கீல் குனிந்து ஓடினார். கோட்டாட்சியர் கண்ணாடியைக் கழற்றி, நுரை வழிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டே கத்தினார்: "போதும்மா! நிறுத்துங்க!"

வேம்பு சுவிட்சின் மேல் இருந்த கையை எடுக்கவில்லை.