முனியாண்டிக்கு ஒரு வேன்

கோலா சாவா தோட்டத்து இறக்கத்தில் வேனின் பிரேக் பிடிக்காமல் போனபோது, "முனியாண்டி, காப்பாத்து! ஒனக்கு ஒரு வேன் தர்றேன்!" என்று கத்திவிட்டேன். செம்பனை மரத்தில் மோதி வேன் நின்றது. எனக்குச் சிராய்ப்புகூட இல்லை. பயத்தில் மனிதன் சுருட்டு என்று சொல்லலாம், கோழி என்று சொல்லலாம். நான் வேன் என்றேன்.

"கோழின்னு சொல்லியிருந்தா இந்நேரம் கொழம்பு வச்சு முடிச்சிருக்கலாம்," என்றாள் மனைவி.

தோட்டத்துக் கோயில் பூசாரி அவளுடைய அண்ணன். அவரிடம் ஓடினேன்.

"நெச வேனுக்கு ரோட்டேக்ஸ் யாரு கட்டுறது மாப்ள? சின்னதா செஞ்சு வை. ஆனா கடை பொம்மை வேணாம், கையால செய்யணும். சக்கரம் சுத்தணும் லா. சாமி என்ன, தோள்லயா தூக்கிட்டுப் போவாரு?"

பிஸ்கட் தகரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினேன், சுருண்டுகொண்டது. ஆணியடித்துத் துளை போட்டேன், கிழிந்தது. கடைசியில் சிரம்பானில் ஒரு சாமான் கடைக்குப் போனேன். பேனா மாதிரிப் பிடித்துக்கொண்டு, நுனியை மாற்றி மாற்றி வெட்டவும் துளைக்கவும் தேய்க்கவும் முடிகிற மினி கிரைண்டர் ஒரு வரிசை நிறைய இருந்தது. படிவம் இரண்டோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பெட்டிமேல் இருந்ததைப் படித்தே பாதிப் பயம் ஏறிவிட்டது.

கல்லாவில் இருந்த பெண் சார்ஜ் போட்டு ஓட்டுகிற கிரைண்டரைத் தள்ளிவைத்தாள். "தகரத்துக்கு இது பாதியில மூச்சு வாங்கும் அங்கிள். வயர் உள்ளது எடுங்க. ஸ்பீட் கூட்டிக் கொறைக்கிற மாதிரி. ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் வெட்டுறப்ப மெதுவா வையுங்க, இல்லன்னா உருகி ஒட்டிக்கும்."

நூறு நுனிகள் உள்ள பெட்டியைத் தொட்டேன். "அதுல முக்காவாசி சும்மா தூங்கும். வெட்டுற தட்டு, சின்ன டிரில், தேய்க்கிற உருளை. போதும்," என்றாள்.

"தட்டு ஒடஞ்சு கண்ணுல தெறிச்சா?"

"கண்ணாடி போடுங்க."

"கண்ணாடியத் தாண்டி வந்தா?"

"அங்கிள், வேன் செய்யப் போறீங்களா, சண்டைக்குப் போறீங்களா?"

கண்ணாடி போட்டு, அதன்மேல் ஹெல்மெட்டும் போட்டுத்தான் வெட்டினேன். மனைவி படம் பிடித்துச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினாள். அனுப்பட்டும். வேன் கதவு திறந்தது. சைக்கிள் கம்பி அச்சில் சக்கரம் சுற்றியது. ரப்பரை அந்த உருளை தேய்த்த அழகில் டயர் அச்சு அசல் டயராகவே வந்திருந்தது.

கோயிலில் பூசாரி வேனைத் தரையில் உருட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "டயரு எதுல செஞ்ச?"

பொய் சொல்லலாம். முனியாண்டி அரிவாளோடு எதிரே நின்றார்.

"சிலிப்பர்ல."

"புதுசா?"

"நான் போட்டுத் தேஞ்ச பழசு."

பூசாரி வேனைச் சூடு பட்டதுபோல் கீழே வைத்தார். "அடப்பாவி! செருப்ப வெளியே கழட்டிட்டு வான்னா, சக்கரமாக்கி உள்ள ஓட்டிட்டு வர்றியா?" நான்கையும் கழற்ற வைத்தார். தண்ணீர் தெளித்து, வேனை நான்கு கற்கள்மேல் நிறுத்தினார். டயர் திருடுபோன கார் மாதிரி இருந்தது. "வேன ஏத்துக்கிட்டாரு. அடுத்த வெள்ளி கட்டையில சக்கரம் செஞ்சு கொண்டா."

"அதுவரைக்கும் அவரு அவசரமா எங்கயாச்சும் போகணும்னா, மச்சான்?"

"வாசல்ல குதிரை நிக்குதே, கண்ணு தெரியல? ஒன் வேன நம்பியா அவரு இருக்காரு?"

விழுந்து கும்பிட்டேன். வெளியே வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ரோடு வரைக்கும் வெறுங்காலோடு நடந்தேன்.