கஞ்சி மாத்திரை

"செல்வி சிஸ்டர் போய்ட்டாங்க சார்" என்று ஆம்புலன்ஸ் டிரைவர் போனில் சொன்னபோது, மருந்துக் கவர் ஒன்றில் "காலை 1, இரவு 1" என்று எழுதிக்கொண்டிருந்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் நினைவு திரும்பாமலே கிடந்து போய்விட்டார்.

மரக்காணத்து உப்பளக்காரர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எங்கள் சுகாதார நிலையத்தில் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்த நர்ஸ் அவர். நான் அங்கே மருந்து கொடுப்பவன்.

எங்களுக்குள் முதல் சண்டை வந்ததே இந்தக் "காலை"யால்தான். உப்பு வாரும் முனியம்மா பாத்தியிலேயே மயங்கி விழ, தூக்கிக்கொண்டு வந்தார்கள். சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. குளுக்கோஸ் ஏறிக் கண் திறந்ததும், "மாத்திரைய காலையில போடுன்னாரே மருந்து குடுக்குற சார், எழுந்ததும் போட்டுகினு வேலைக்குப் போய்ட்டேன்" என்றார். அவர் எழுவது நாலு மணிக்கு. கஞ்சி குடிப்பது பத்து மணிக்கு. சிஸ்டர் நேரே என்னிடம் வந்தார். "ஏன் சார், உங்க காலையும் அவங்க காலையும் ஒண்ணா? இட்லி துன்னுட்டு வர்ற உங்களுக்கு என்னா தெரியும்!"

எனக்கு ரோஷமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம். டாக்டரிடம் பேசி, அன்றே உப்பளக்காரர்களின் கவர்களில் "காலை"யை அடித்துவிட்டு "கஞ்சிக்கு" என்று எழுதினார். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு கிண்ணம் வரைந்து கொடுத்தார். அதன்பிறகு உப்பளத்தில் அதற்குப் பெயரே கஞ்சி மாத்திரை.

ஒண்டியாக வாழும் ஒரு பெரியவருக்கு மாத்திரையைக் கூட்டலாம் என்றார் டாக்டர். சிஸ்டர் விடவில்லை. "வேணாம் சார். சக்கர ஏறுனா நாளைக்குப் பாத்துக்கலாம். எறங்குனா கதவ யாரு தொறப்பாங்க?" டாக்டர் சிரித்துக்கொண்டே பழைய அளவையே எழுதினார்.

சிஸ்டரும் ஒண்டிதான். அவருக்கும் சர்க்கரை இருந்தது. ஒரு நாள் மதியம் வரை வீட்டுக் கதவு திறக்காததால் அக்கம்பக்கத்தார் உடைத்துப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை இறங்கி நினைவில்லாமல் கிடந்தார். முந்தின நாள் வடித்த சோறு தொடாமல் இருந்தது.

சிஸ்டரின் உடலை எடுத்த அன்று முனியம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "எங்கள எல்லாம் எப்ப சாப்புடுவேன்னு கேட்டுச்சே சார் அந்தப் பொண்ணு! அது எப்ப சாப்புடுதுன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

சிஸ்டர் வீட்டு மேசைமேல் கிடந்த அவருடைய மருந்துக் கவரை எடுத்துவந்து வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். அதில் கிண்ணம் இல்லை. "காலை 1, இரவு 1" என்று என் கையெழுத்துதான் இருக்கிறது.