எல்லாவற்றையும் ஒரே கம்பெனியிடம் கொடுத்தேன்

போன் கடைக்காரன் உடைந்த கண்ணாடியை அரை மணி நேரத்தில் மாற்றிவிடுவான். இணையக் கணக்குக்குள் போக முடியாமல் வந்து நிற்பவருக்குக் கொடுக்கத்தான் அவனிடம் சாமான் கிடையாது. அப்படி எங்காவது நின்றவர்களுக்கு நான் எழுதுவது புரியும்.

வார்டில்

என் மனைவி ஸ்டெல்லாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது கிள்ளானில், ஒரு ஆஸ்பத்திரி வார்டில். அவள் போனில் பத்து வருடப் படங்கள் இருந்தன. எடுக்க எடுக்க அவை தாமாகவே எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பெரிய இணையக் கம்பெனியிடம் போய்ச் சேரும்படி வைத்துக்கொடுத்தவன் நான். மின்னஞ்சல், வரைபடம், படம் எல்லாம் ஒரே இடத்தில். பிரிக்பீல்ட்ஸில் என் போன் கடைக்கு வந்த எல்லாருக்கும் அப்படித்தான் செய்துகொடுத்தேன். சுலபம் என்று வாங்கிப் போனார்கள்.

அன்று அவள் வலியைப் பற்றிப் பேசவில்லை. போனை என் கையில் கொடுத்தாள். "என்னங்க, இதுக்குச் சார்ஜ் போட்டுக் கொண்டாங்க. இந்த நர்ஸ் மிஸ்ஸி ரொம்ப நல்லவங்க, நாளைக்கு அவங்கள ஒரு படம் எடுக்கணும்."

துடைத்தது

சில மாதங்கள் கழித்து அவள் அண்ணன் மகளுக்கு ஒரு போன் தேவைப்பட்டது. கைமாறும் எந்தப் போனையும் உள்ளே இருப்பதை அழித்து முழுக்கத் துடைத்துக் கொடுப்பது கடைப் பழக்கம். ஸ்டெல்லாவின் போனையும் அப்படியே துடைத்தேன். படங்கள்தான் கம்பெனியிடம் இருக்கின்றனவே. இனி யார் அவளைக் கூப்பிடப் போகிறார்கள் என்று அவள் நம்பருக்கு டாப்-அப் போடுவதையும் விட்டுவிட்டேன். அண்ணன் மகள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா, புத்தம் புதுசு மாதிரி இருக்கு லா!"

காஜாங்கிலிருந்து ஒரு குரல்

சர்ச்சில் அவளுடைய வருட நினைவுத் திருப்பலிக்கு ஒரு நல்ல படம் வேண்டியிருந்தது. என் போனில் அவள் கணக்கைத் திறந்தேன். பாஸ்வேர்டு சரிதான். ஆனால் இது வேறு போன் என்பதால், அவள் நம்பருக்கு எஸ்எம்எஸ்ஸில் ஒரு கோட் எண் அனுப்புவோம், அதைப் போடு என்றது. அந்த நம்பர் காலாவதியாகி வேறு யாருக்கோ போயிருந்தது.

கூப்பிட்டேன். எடுத்தவர் காஜாங்கில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண். விஷயத்தைச் சொன்னேன். இப்போது ஒரு கோட் வரும், அதை மட்டும் படித்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர், நானே எழுதி என் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையை எனக்கே சொன்னார். "சொரி அங்கிள். யாரு அழுது கேட்டாலும் கோட் சொல்லாதீங்கன்னு எங்க போன் கடைக்காரரு சொல்லியிருக்காரு."

பென்டிரைவ்

இறப்புச் சான்றிதழை வைத்து அந்தக் கம்பெனிக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் மரியாதையான பதில் வந்தது, கணக்கு திறக்கவில்லை.

அதன் பிறகு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். படங்களைப் பென்டிரைவில் ஒரு பிரதி வையுங்கள். மெயிலை வேறு கம்பெனிக்கு மாற்றுங்கள். செத்தவர் நம்பரை உடனே விட்டுவிடாதீர்கள். வழக்கமாக வரும் லோரிக்கார அண்ணன் ஒருவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பென்டிரைவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மேசையிலேயே வைத்தார். "போன் கடைக்காரரே போன நம்பாதேன்னா, நாங்க யாரத்தான் பாஸ் நம்புறது?"

சுங்கை வே

ஊருக்குச் சொன்னால் போதுமா? என் மெயிலை மாற்றினேன். படங்களை வீட்டில் ஒரு டிஸ்கில் போட்டேன். வழி காட்டும் அந்தக் கம்பெனியின் வரைபட ஆப்பையும் போனிலிருந்து அழித்தேன். அந்த வாரமே, நடக்க முடியாத ஒரு ஆன்டிக்கு, சரிசெய்த போனைக் கொடுக்க சுங்கை வே போனேன். ஒரே தொழிற்சாலையை மூன்று தடவை சுற்றினேன். கடை கடையாக வழி கேட்டு, ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். ஆன்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி, என் போன ரிப்பேர் பண்ணீங்களே, உங்க போன யாருகிட்ட குடுத்திருக்கீங்க?"

அந்தக் கம்பெனியை என் வாழ்க்கையிலிருந்து முக்கால்வாசி வெளியேற்றிவிட்டேன், ஸ்டெல்லா எடுத்த படங்கள் மட்டும் இன்னும் அவர்களிடம்தான் இருக்கின்றன.