அவுரி பூசிய தலை

கூலி உயர்வு கேட்டு நன்னிலம் பக்கம் நடவு நின்றுபோன வருடம். சங்கத்தை நடத்திய என் கணவரைப் பண்ணையின் அடியாட்கள் தேடினார்கள். வெளியூரிலிருந்து வந்த அந்த ஆட்களுக்கு அவர் முகம் தெரியாது. இளம் வயதிலேயே நரைத்த தலைதான் அடையாளம்.

நரையை மறைக்க மருதாணி அரைத்துப் பூசினேன். கழுவியதும் தலை ஆரஞ்சு நிறச் செம்பட்டையாகி, முன்னைவிடப் பளிச்சென்று கண்ணில் பட்டது. அழுதுவிட்டேன்.

"அழாத. அதுக்கு மேல அவுரிப் பொடியக் குழைச்சுப் போடு, கருத்துடும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அப்படியே கருத்தது.

மறுநாள் இருவரும் நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறினோம். வழியில் பஸ்ஸை மறித்து ஏறியவர்கள் என் கணவரைப் பார்த்துவிட்டு நகர்ந்து, பின்சீட்டில் இருந்த நரைத்த தலைக்காரர் ஒருவரைப் பிடித்து இழுத்தார்கள். "நான் வேதாரண்யம் உப்பளத்துல வேலை பாக்குறேங்க!" என்று அவர் கதறினார்.

நான் கணவரின் கையை இறுகப் பிடித்தேன். அவர் மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க தேடுறது என்னத்தான். அவர விடுங்க."

"நரச்ச தலைன்னுதான் சொன்னாங்க. நீ உட்காருடா" என்று ஒருவன் சிரித்தான். என் கணவர் தன் பெயரையும் ஊரையும் சொல்லி, தலையில் இருப்பது சாயம் என்று சொன்ன பிறகே நம்பினார்கள்.

அன்று அடித்த அடியில் அவரால் வலது காலை அப்புறம் ஊன்றவே முடியவில்லை. அவர் கையை நான் விட்டிருக்கக் கூடாது என்று சில நாள் தோன்றும். அப்போதெல்லாம் அந்த உப்பளத்துக்காரருக்காக வீட்டில் காத்திருந்தவளையும் நினைத்துக்கொள்வேன்.