பச்சைப் பெயின்ற் பூசிய கழுத்து

திருகோணமலை உட்துறைமுக வீதியில், உவர்மலை இறக்கம் வந்து முடிகிற இடத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் பாக்கியரத்தினத்துக்கு ஒரு வருத்தம் உண்டு. ஆஸ்பத்திரியில் காட்டுகிற வருத்தம் அல்ல. மனுசனின் வாயில் ‘ஏலாது’ என்ற சொல் வராது. எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், தாடையைச் சொறிவார், பிறகு ‘ஓம், செய்யலாம்’ என்பார்.

சண்டைக் காலத்தில் பழகிய பழக்கம் அது. அப்போது கொழும்பிலிருந்து சாமான் வராது. எஞ்சினில் ஒரு நட் தேய்ந்தாலும் படகு கரையில் கிடக்கும்; படகு கிடந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இருபத்தைந்து வயதுப் பாக்கியரத்தினம் இரும்புக் கட்டில் காலை அறுத்து எஞ்சினுக்குப் பாகம் கடைந்து கொடுத்தவர். அந்த நாட்களில் ஏலாது என்று சொல்வது ஒருவனின் சோற்றுக் கோப்பையைத் தட்டிவிடுவது போல. சண்டை முடிந்து, கடைகளில் எல்லாச் சாமானும் தொங்கத் தொடங்கிய பிறகும் நாக்கு மாறவில்லை. ‘பாக்கியண்ணையிட்டக் கொண்டு போ’ என்று ஊர் சொல்வதில் அவருக்கு ஒரு கிறுக்கு. புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும்?

இந்த வருடம் மாசி மாதத்தில் லோஜனா ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். உவர்மலையில் இருக்கிறவள். நிலாவெளியில் ஒரு விடுதியில் வேலை. புருஷன் கட்டாரில். நாலு வயது மகளை முன்னால் குட்டிச் சீற்றில் இருத்தி, காலையில் இறக்கத்தால் இறங்கி முன்பள்ளியில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். சைக்கிள், சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தில் அவளுடைய தகப்பனுக்குக் கிடைத்த மலைச் சைக்கிள். பிரேம் இன்னும் கல்லுப்போல இருந்தது. முன் சில்லைக் கவ்விப் பிடிக்கிற போர்க் மட்டும் உப்புக் காற்றில் உக்கி, ஒரு கால் வெடித்துவிட்டது.

அவளுடைய மற்றக் கையில் வேறொரு போர்க். விடுதிக்கு வந்த வெள்ளைக்காரன் ஒருவன் தன் உடைந்த சைக்கிளை விட்டுவிட்டுப் போனதிலிருந்து கழற்றியது. உள்ளே ஸ்பிரிங் வைத்தது. அமர்த்தினால் மெத்தைபோல அமிழ்ந்து எழும்பும்.

“இறக்கத்தில ஒரே பள்ளம் அண்ணை. மகளுக்குத் தூக்கித் தூக்கிப் போடுது. இது பூட்டினா அவளுக்குச் சுகமா இருக்கும்” என்றாள். “மூண்டு கடையில கேட்டனான். ஏலாதாம்.”

பாக்கியரத்தினம் போர்க்கின் தண்டைப் பிரேமின் கழுத்துக்குள், ஹாண்டில் நிற்கிற குழாய்க்குள், விட்டுப் பார்த்தார். மூன்று கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. பழைய பிரேமின் கழுத்துக் குழாய் மேலும் கீழும் ஒரே அளவு. புதுப் போர்க்கின் தண்டோ மேலே மெலிவு, கீழே வரவரத் தடிப்பு. முக்கால்வாசி போனது, அதற்குமேல் இறுகி நின்றுவிட்டது. தண்டைக் கடைந்து மெலிவாக்கவும் வழியில்லை. அது உள்ளே வெறும் குழாய், கடைந்தால் கடதாசியாகிவிடும். நாலு காசுக்குச் சாதாரணப் போர்க் ஒன்று வாங்கிப் பூட்டச் சொல்லியிருக்கலாம். அதோடு கதை முடிந்திருக்கும்.

“ஓம், செய்யலாம்” என்றார்.

கழுத்தின் கீழ்ப் பாதியை அறுத்தார். பழைய படகொன்றில் கழற்றிய எவர்சில்வர்க் குழாய்த் துண்டு ஒன்று மூலையில் கிடந்தது. அளவு அச்சொட்டாக வந்தது. அதைக் கடைந்து, அறுத்த இடத்தில் பொருத்தினார். இனி வெல்டிங்தான். இரும்பையும் எவர்சில்வரையும் ஒன்றாக ஒட்ட அதற்கென்று தனி ரொட், தனி ஒட்டுக் கம்பி, வேண்டும். அது கையிருப்பில் முடிந்து ஒரு கிழமை, கொழும்பிலிருந்து வரவேண்டும். சாதாரண ரொட் பெட்டி நிறைய இருந்தது. அதில் ஒட்டினால் ஒட்டு நிற்காது, வெடிக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நாளைக்கு வா என்று அவளிடம் சொல்லியாயிற்று. சாதாரண ரொட்டிலேயே ஒட்டினார். அதே கையோடு, அதே ரொட்டால், கிண்ணியா றிஸ்கானின் படகு எஞ்சினைத் தாங்குகிற இரும்புக்கும் ஒரு எவர்சில்வர்த் தகடு ஒட்டிவைத்தார்.

ஒட்டு என்றால் அப்படி ஒரு ஒட்டு. மீன் செதில் அடுக்கினதுபோல வரிவரியாக விழுந்திருந்தது. அதை ஆறவிட்டுவிட்டு, வாசலில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

டிக்.

பின்னால் சத்தம் கேட்டது. பல்லி சொன்னதுபோல ஒரேயொரு தரம். பிரேமைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒட்டின் ஓரத்தில் தலைமயிர் போல ஒரு கோடு. இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற கோடு. இரும்பு ஆறும்போது சத்தம் போடத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சொன்னார். படகுக்குப் பூசி மிஞ்சின பச்சைப் பெயின்ற் இருந்தது. இரண்டு பூச்சுப் பூசினார். கோடு போய்விட்டது.

கண்ணிலிருந்துதான் போனது. அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் ஏழேகாலுக்கு மனுசன் லேத்தை நிற்பாட்டிவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். இறக்கத்தில் சைக்கிள் மணி கேட்கும். லோஜனா கையைக் காட்டிக்கொண்டு போவாள். முன் சீற்றில் இருக்கிற சின்னவளும் கையைக் காட்டுவாள். பாக்கியரத்தினம் அவர்களைப் பார்ப்பதில்லை. அந்தப் பச்சைக் கழுத்தையே பார்ப்பார். கூப்பிட்டு நிற்பாட்டலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? முப்பது வருடம் கட்டிக்காத்த பெயரை அவராலேயே எப்படிக் கிழிப்பது? போய்விட்டார்கள், இன்றைக்கு ஒன்றுமில்லை என்று லேத்தைப் போடுவார். லேத் ஓடுகிற சத்தத்துக்குள்ளும் அந்த டிக் கேட்கும். மனைவி பத்மாசனி, “ஏனப்பா சாப்பிடாமல் சோத்தைப் பிசைஞ்சுகொண்டு இருக்கிறியள்?” என்று கேட்டதற்கு வெயில் என்றார்.

பதினேழாம் நாள், பட்டறையைத் திறந்த கையோடு றிஸ்கான் வந்தான். சொப்பிங் பாக்கிலிருந்து இரண்டு துண்டை எடுத்து மேசையில் வைத்தான்.

“நேத்து எஞ்சினைத் தூக்கக்குள்ள நீங்க ஒட்டின தகடு கையோட வந்துட்டு, பாக்கியண்ணே. நல்ல வேளை, கரையில. பாருங்க, வளையவுமில்ல, நெளியவுமில்ல. பிஸ்கட் உடைஞ்ச மாதிரி.”

பாக்கியரத்தினம் துண்டைப் பார்த்தார், சுவரில் மணிக்கூட்டைப் பார்த்தார். ஏழு பத்து. றிஸ்கான் கூப்பிடக் கூப்பிட, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உவர்மலை ஏற்றத்தில் ஓடினார். ஐம்பத்தேழு வயது நெஞ்சு அது, சும்மா ஏறுமா? பாதி வழியில் மூச்சு முட்டியது. நிற்கவில்லை.

இறக்கம் தொடங்குகிற மதகடியில்தான் பிடித்தார். சின்னவள் சீற்றில் இருந்தாள். லோஜனா மிதிக்கக் கால் வைத்துவிட்டாள். பாக்கியரத்தினம் ஹாண்டிலை இரண்டு கையாலும் பிடித்தார்.

“இறங்குங்கோ தங்கச்சி. இதில போக ஏலாது.”

அவள் சிரித்தாள். “என்னண்ணை, உங்கட வாயாலயோ ஏலாது எண்டுறீங்கள்?”

“கழுத்து உடையப் போகுது. நான் பிழையா ஒட்டிப்போட்டன். பிள்ளையை இறக்குங்கோ.”

“ரெண்டு கிழமைக்கு மேல ஓடுறன். ஒரு ஆட்டமும் இல்ல. நேரம் போகுது, விடுங்கோ.”

முப்பது வருடமாகச் சொல்லாத சொல்லை யார் நம்புவார்? கெஞ்சிப் பார்த்தார். கடைசியில், “நான் ஓடிக் காட்டுறன், நீங்கள் பாருங்கோ” என்றார். வெயில் ஏறிவிட்டது இந்தாளுக்கு என்று நினைத்தாளோ என்னவோ, மகளை இறக்கிவிட்டுச் சைக்கிளைக் கொடுத்தாள்.

பாக்கியரத்தினம் ஏறி, இறக்கத்தில் விட்டார். காற்று காதில் இரைந்தது. இப்போது உடையும், இந்தா உடையும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற பள்ளமெல்லாம் தேடி விழுத்தினார். கீழே வந்து முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்தார். போர்க் அமிழ்ந்து எழும்பியது. சைக்கிள் பூனைக்குட்டிபோல நின்றது.

மேலே உருட்டிக்கொண்டு வந்தபோது லோஜனா கை தட்டினாள்.

“பாத்தீங்களோ? உங்கட வேலையை நீங்களே நம்பாட்டி வேற ஆர் நம்புறது?” என்று சொல்லிக்கொண்டே மகளைத் தூக்கினாள். “வாங்கோ செல்லம், நேரம் போச்சு.”

பிள்ளையின் கால் சீற்றைத் தொட முன்னர், பாக்கியரத்தினம் சைக்கிளைப் பின்னால் பிடித்துத் தலைக்குமேல் தூக்கினார். முன் சில்லை மதகுச் சுவரில் ஓங்கி அடித்தார். சின்னவள் வீரிட்டாள். லோஜனா, “விசரோ உங்களுக்கு?” என்று கத்திக்கொண்டு அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தாள். அவர் இரண்டாம் முறையும் அடித்தார்.

கழுத்து கழன்று, போர்க்கும் சில்லும் தனியாக வீதியில் உருண்டன.

லோஜனா குனிந்து பிரேமை நிமிர்த்தினாள். உடைந்த வட்டத்தில் விரல் நகத்தளவு இடம்தான் புதுசாகப் பளபளத்தது. மற்றதெல்லாம் கறள் பிடித்துக் கறுத்திருந்தது. அவ்வளவு இடமும் ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது என்று விளங்க, இரும்பு வேலை தெரிந்திருக்கத் தேவையில்லை. மகளை இடுப்போடு இறுக்கி அணைத்தாள். அவளுடைய முகத்தில் கோபம் போய், நன்றி போல ஒன்று வரத் தொடங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், திரும்பவும் குனிந்து பார்த்தாள்.

கறுப்பு முடிகிற விளிம்பில், உலோகத்தின் உள்ளுக்குள்ளே, ஒரு பச்சைக் கோடு ஓடியிருந்தது.

“அண்ணை” என்றாள் மெதுவாக. “பெயின்ற் எப்பிடி உள்ளுக்க போனது?”

பாக்கியரத்தினம் அவளைப் பார்க்கவில்லை. சின்னவள் தாயின் கழுத்துக்குள் முகத்தை வைத்து விம்மிக்கொண்டிருந்தாள்.

“பூச முந்தியே வெடிச்சிருந்தது” என்றார்.

“அப்பவே உங்களுக்குத் தெரியுமோ?”

அவர் தாடையைச் சொறியவில்லை, யோசிக்கவுமில்லை.

“ஓம்” என்றார்.